தலையணை உறையின் படம்

அவளுக்குப் படம் எடுக்கக் கேமரா வேண்டியதில்லை. அணு உலையில் புழங்கிய ஏதேனும் ஒரு பொருளைப் பிலிம் தாளின்மேல் வைத்து, வெளிச்சம் புகாத பெட்டியில் மூடிவிடுவாள். கதிர்வீச்சுள்ள தூசி ஒட்டியிருந்தால், அப்பொருள் தன் உருவத்தைத் தானே பதித்துக்கொள்ளும். அப்படங்களைத்தான் கண்காட்சிகளில் மாட்டிவந்தாள். அண்ணி அவளுக்கு வைத்த பெயர் படக்காரி.

அண்ணன் அந்த உலையில் குழாய்களைத் துடைக்கும் பணியில் இருந்தவர். நோய் அவரைக் கொண்டுபோய் ஓராண்டு ஆகிறது. அவருடைய கையுறையைப் படமாக்கலாமா என்று அண்ணியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"எடுத்துக்கோ. இருந்தவரைக்கும் போட்டோன்னாலே ஓடிப்போவார். கையுறையாவது ஓடாம நிக்கட்டும்" என்றாள் அண்ணி.

உலையின் பக்கமே போகாத துணி ஒன்றையும் வேறொரு தாளில் வைப்பது படக்காரியின் வழக்கம். அந்தத் தாள் வெறுமையாக வந்தால்தான் மற்றதை நம்பலாம். கட்டிலில் கிடந்த தலையணையின் உறையை அதற்காகக் கேட்டாள்.

அண்ணியின் முகம் சுருங்கியது. "அதை நான் துவைக்கவே இல்ல. அவரோட வாசனை அதுல மட்டும்தான் மிச்சம். குட்டிப் பொண்ணுக்கும் அது இல்லாம தூக்கம் வராது. பத்திரமா திருப்பித் தந்துடு."

"தர்றேன் அண்ணி."

சில வாரங்கள் கழித்துப் பிலிமைக் கழுவினாள். கையுறை இருந்த தாளில் கடுகு இறைத்தாற்போல் சில புள்ளிகள். வெறுமையாக வரவேண்டிய தாளின் நடுவிலோ, ஒரு தலையின் அளவுக்குக் கரியை அப்பியது போன்ற வட்டம். பிலிம் கெட்டிருக்குமோ என்று புதிய தாளில் மீண்டும் வைத்துப் பார்த்தாள். அதே வட்டம்.

வேலை முடிந்து தூசியைக் கழுவப் போனால் உலைக் குளியலறையில் தண்ணீர் வருவதில்லை என்று அண்ணன் அலுத்துக்கொள்வதும், வீட்டுக்கு வந்ததும் வராததுமாய்த் தலைகூடக் கழுவாமல் கட்டிலில் விழுவதும் அவள் நினைவுக்கு வந்தன.

கண்காட்சிப் பொறுப்பாளர் படத்தைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். "நடுச் சுவத்துல இதுதாங்க. நீங்க பண்ணினதுலயே உசத்தி."

"இது எங்க வீட்டுத் தலையணைங்க."

"அதனாலதாங்க உசத்தி."

அவள் படத்தைச் சுருட்டிக்கொண்டு அண்ணியின் வீட்டுக்கு நடந்தாள். உறையைக் கொண்டுசெல்லவில்லை.

ஜன்னல் வெளிச்சத்தில் படத்தை உயர்த்திப் பார்த்த அண்ணியின் உதட்டோரம் ஒரு சிரிப்பு எழுந்தது. "அவர் தலை. நிக்கவே மாட்டேன்னவர், கடைசியில நின்னுட்டார் பாரு."

"அண்ணி, கையுறையில இவ்வளவு தூசி இல்ல. உறையிலதான் இருக்கு."

சிரிப்பு அப்படியே உறைந்தது. உள்ளறையிலிருந்து ஓடிவந்த மகள் தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "அத்தை, என் தலையணைத் துணி எங்க?"

"ஒரு வருஷமா இவ அது மேலதான்..." என்று அண்ணி தொடங்கினாள். மகளின் கூந்தலைக் கோதப்போன கை, தொடாமல் அந்தரத்தில் நின்றது.

"துவைச்சிருக்கணும்" என்றாள், படத்தைப் பார்த்தபடி.