இரவல் அட்டை

என் கணவருக்கு வலது கண்ணில் புரை. பஸ் ஓட்டுகிறவரை, ஆபரேஷன் ஆகும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டிப்போவில் உட்காரவைத்துவிட்டார்கள். கையில் இருந்த பணமெல்லாம் விலை ஏறினால் விற்கலாம் என்று அவர் வாங்கிக் குவித்த, பளபளக்கும் புதுக் கால்பந்து வீரர் அட்டைகளில் முடங்கிக் கிடந்தது. எல்லாம் ஒரே இளம் வீரனின் படம். அவனுக்கு முட்டி போனது. அட்டை விலையும் கூடவே நொண்டியது.

"புதுசு ஏறினா மடமடன்னு ஏறும்" என்பார்.

"இறங்கறதும் அப்படித்தான். என் பழைய அட்டையில இருக்கற கோல்கீப்பருக்கு இனிமே எந்த முட்டியும் போகாது. அவர் ஆட்டத்தை விட்டே முப்பது வருஷம் ஆச்சு."

என்னிடம் இருந்தது அந்த ஒரே பழைய அட்டைதான். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தபோது என் கணவர் கொடுத்தது. பின்பக்கம் பென்சிலில், கோணல்மாணலாக, "இரவல். திருப்பித் தரணும்." நான் தரவில்லை. அவரையே கட்டிக்கொண்டேன்.

அதை விற்றால் ஆபரேஷன் நடக்கும். சொன்னால் தடுப்பார். சொல்லாமல், உறையோடு எடுத்துக்கொண்டு அட்டைக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் அதை வெளியே எடுத்து விளக்கைச் சாய்த்துப் பார்த்தார். "பின்னாடி அழிச்சிருக்காங்களேம்மா. எழுத்தோட இருந்திருந்தாக்கூட நல்ல விலை வந்திருக்கும். ரப்பர் வச்சு அழிச்ச அட்டைக்கு யாரும் தரச் சான்று தரமாட்டாங்க. இனி இதை எவனும் வாங்கமாட்டான்."

வாங்கிப் பார்த்தேன். எழுத்தே இல்லை. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் கத்தினேன். "அதை ஏன் அழிச்சே?"

"நீ விக்கப் போவேன்னு தெரியும்" என்று ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினார். வியாழக்கிழமை ஆபரேஷன். கட்டிலுக்கடியில் இருந்த புது அட்டைப் பெட்டியைக் காணோம். பாதி விலைக்கு மொத்தத்தையும் தள்ளிவிட்டு வந்திருக்கிறார்.

"பழசு விலை ஏற ஏற எனக்கு பயமா இருந்துச்சு. எனக்காக அதைத் தூக்கிக் கொடுத்துட்டு வந்து நிப்பே. அதான் விலையே இல்லாம பண்ணிட்டேன்."

"என் எழுத்து போச்சே."

"அது என் எழுத்து."

அட்டையை வாங்கி, நல்ல கண் பக்கம் சாய்த்துப் பிடித்து, என்னவோ எழுதிக் கொடுத்தார். அதே கோணல்மாணலில் இருந்தது:

"திருப்பித் தர வேண்டாம்."

எழுத்தை விரலால் தேய்த்துப் பார்த்தேன். "பேனாவிலயா எழுதுவே? அழிக்கவே முடியாதே."

"அதுக்குத்தான்" என்றார்.