நாற்பத்தொரு நாள் சேமிப்பு

மயக்கம் தெளிந்ததும் புவனா கேட்ட முதல் கேள்வி, எத்தனை என்பதுதான். பதினொன்று என்றாள் நர்ஸ். பதினொரு கருமுட்டைகள். பன்னிரண்டு நாளாக வயிற்றில் குத்திக்கொண்ட ஊசிக்குக் கிடைத்த விளைச்சல். போன இரண்டு தடவையும் நாலு, ஐந்து என்று வந்து, அதுவும் ஒட்டாமல் போயிற்று. இந்த மூன்றாவதுதான் கடைசி என்று அவளே முடிவு செய்துவிட்டாள். யாரும் சொல்லவில்லை, உடம்பு சொன்னது. மருந்தை ஃபிரிட்ஜில் வையுங்கள் என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியபோது, அட்டுவம்பட்டி மலைக்குளிரில் வீடே ஃபிரிட்ஜ்தான் என்று சிரிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

கொஞ்ச நேரத்தில் சத்தியபிரியா வந்தாள். ஆய்வகத்தில் நல்ல விந்தணுவாகப் பார்த்துப் பொறுக்கி, ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒன்றைச் செலுத்துகிறவள் அவள்தான். கையில் ஒரு படிவம்.

"புவனாக்கா, கடைசியா விந்து வெளியாகி எத்தனை நாள் இடைவெளின்னு கேட்ட எடத்துல ஒங்க சார் மூணுன்னு போட்டிருக்காரு. நெசந்தானா?"

புவனா கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் வீட்டுக்காரன் செல்வமுருகன் வட்டக்கானலுக்கு ஜீப் ஓட்டுகிறவன். பிள்ளை வரம் வேண்டி மார்கழியில் பழனிக்கு மாலை போட்டான். பச்சை வேட்டி, தரையில் பாய், அந்தக் குளிரிலும் பச்சைத் தண்ணீர்க் குளியல். அவள் விலக்கான நாட்களில் அவள் கை பட்ட டம்ளரில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான். இரண்டு மூன்று நாள் இடைவெளி போதும் என்று டாக்டர் சொன்னதை அவள் ஒரு தரம் நினைவுபடுத்தியபோது, "சேத்து வச்சா இன்னும் நல்லதுதான புள்ள. சாமிக்கும் ஆச்சு, டாக்டருக்கும் ஆச்சு" என்றான். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கிற கணக்கு. அவள் மேற்கொண்டு பேசியிருக்கலாம். மாலை போட்ட மனுஷனிடம் அந்தப் பேச்சை எடுத்தால், தனக்குத்தான் ஆசை என்று நினைத்துவிடுவானோ என்று வாயை மூடிக்கொண்டாள். இப்போது அந்த வாயைத்தான் திறக்க வேண்டியிருந்தது.

"நாப்பத்தொரு நாளுங்க" என்றாள்.

சத்தியபிரியா திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எண்ணிக்கைக்குக் கொறச்சல் இல்லக்கா, கோடிக்கணக்குல இருக்கு. ஆனா பாதிக்கு மேல செத்துக் கெடக்கு. மிச்சமும் நகர மாட்டேங்குது. ரொம்ப நாள் தேங்குனா உள்ளேயே கெட்டுப்போகும். எனக்குக் கோடி வேணாம், நல்லா ஓடுற பதினொண்ணு போதும்."

"இப்ப என்ன செய்ய?"

"ஒரு மணிக்கு இன்னொரு தடவ குடுக்கச் சொல்லுங்க. புதுசா வர்றது நல்லாருக்க வாய்ப்பிருக்கு. மூணு மணிக்குள்ள முட்டைக்குள்ள வச்சாகணும்."

செல்வமுருகன் உள்ளே வந்தபோது அவன் முகம் செத்திருந்தது.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"இன்னொரு தடவ என்னால ஏலாது புவனா. காலையில மாலையக் கழட்டி ஆணியில மாட்டி, முருகன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் உள்ள போனேன்." போன வாரம் மாலை போட்டுவிட்ட குருசாமியிடம் யோசனை கேட்டதற்கு, ஆஸ்பத்திரிக் காரியம் குற்றமில்லை, மேற்கொண்டு விவரம் எனக்கு வேண்டாம் என்று அவர் காதைப் பொத்திக்கொண்டாராம்.

புவனாவுக்குக் கோபம் வந்தது. கத்தத்தான் தெம்பில்லை.

"எனக்கு மட்டும் ஏலுதாக்கும்? ஏழு வருசத்துல நான் ஒரு தடவ ஏலாதுன்னு சொல்லியிருக்கேனா?"

அவன் அவள் புறங்கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மணியானது. கழுத்திலிருந்து துளசிமாலையைக் கழற்றி, மாட்ட இடம் தேடினான். அந்த அறையில் ஆணி இல்லை. கட்டில் அருகே வந்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். "வேணாங்க. எனக்கு ரத்தம் பட்டுக்கிட்டிருக்கு. தீட்டு."

"கெடக்கட்டும். பிடி."

அவள் விரல்களை மாலையின் மேல் மடக்கிவிட்டுப் போனான். நாற்பத்தொரு நாளில் அவன் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

மாலையை வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தாள். வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை. தாகமாக இருந்தது, நர்ஸ் கொண்டுவந்த தண்ணீரில் பாதியைக் குடித்தாள். இரண்டரை மணிக்குச் சத்தியபிரியா கதவோரம் நின்று எட்டிப் பார்த்தாள்.

"ஓடுதுக்கா. பதினொண்ணுக்கும் பொறுக்கிட்டேன்" என்றாள்.

புவனா தலையாட்டினாள். இனி அது கருவாக வேண்டும், வளர வேண்டும், அவளுக்குள் ஒட்ட வேண்டும். அத்தனையும் தெரிந்தவளுக்குச் சந்தோஷம் அவ்வளவு வெரசாக வருவதில்லை. ஆனாலும் கண் கலங்கிற்று.

அவன் முகம் கழுவிக்கொண்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். அவள் மாலையை நீட்டினாள்.

"ஒங்கிட்டயே இருக்கட்டும்" என்றான்.

"பூசத்துக்கு ஏழு நாள்தான இருக்கு. பழனிக்கு?"

"நடந்துதான் போவேன். மாலை இல்லன்னா ரோடு வேணாங்கவா போகுது?"

சொல்லிவிட்டு, அவள் குடித்து மிச்சம் வைத்திருந்த டம்ளரை எடுத்துத் தண்ணீரைக் குடித்தான்.