மூன்றாவது கண்டன்சர்

ஆம்ப்ளிஃபயரைத் திறக்க பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் பெரிய கண்டன்சர்கள் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும், தொட்டால் கடிக்கும். பாதியில் விட்ட படிப்பில் நான் உருப்படியாகக் கற்றது இதுதான். குறுக்கே ஒரு ரெசிஸ்டரை வைத்து அவற்றைக் காலி செய்துவிட்டு டோன் குமிழின் பின்பக்கத்துக்கு வந்தேன்.

அங்கே இருப்பது புளியங்கொட்டை அளவு கண்டன்சர். கிட்டாரின் கீச்சொலியை எர்த்துக்குக் கடத்திவிடும். பெரியது போட்டால் ஒலி மந்தமாகும், சிறியது போட்டால் கூர்மையாகும். ஒரு மாதத்துக்கு முன் நாற்பத்தேழு என்ற அளவுள்ளதைக் கழற்றி இருபத்திரண்டு போட்டேன். போர்வைக்குள் பேசுவது போலவே இருந்தது. பிறகு பத்து. அப்போதும் போர்வைதான்.

போன ஒத்திகையில் எங்கள் பாட்டுக்குழுவின் பாடகி, "உன் கிட்டார் காதைக் கிழிக்குது. ஞாயித்துக்கிழமை கச்சேரியிலயும் இப்படின்னா வேற ஆளப் பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டாள். ஒலி மந்தமாக இருப்பதால்தான் வால்யூமை ஏற்றுகிறேன். டோனைச் சரி செய்தால் வால்யூமைக் குறைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அந்தக் குழுவின் மூன்று பேரைத் தவிர வாரம் முழுக்க நான் யாரிடமும் பேசுவதில்லை. இரவு வேலை. பிரஸ் மெஷின் அடிக்கும் இடத்தில் பேச்சு எடுபடாது.

காதில் வைக்க கம்பெனி பஞ்சு கொடுக்கும். பழைய ஆட்கள் யாரும் வைப்பதில்லை. தகட்டை வெட்டும் அச்சான டை உடைவதற்கு முன் அடியின் ஒலி லேசாக மாறும், அதைக் கேட்டு மெஷினை நிறுத்த வேண்டும். ஆறு வருடமாக முதலில் நிறுத்துபவன் நான்தான். சமீபத்தில் இரண்டு முறை கோட்டை விட்டேன்.

மூன்றாவதாக நாலு புள்ளி ஏழைப் பற்றவைத்து முடித்தபோது அத்தை மகன் வந்தான். குழுவின் டிரம்மர். மெதுவாகத் தட்டுவான் என்பதால் அவனுக்குக் கேலியாக 'இடி' என்று பெயர்.

"ஆபரேஷன் முடிஞ்சுதா மச்சான்? நோயாளி பொழைச்சானா?"

"கேட்டுட்டுச் சொல்லு."

பிளக்கைச் செருகி, கிட்டாரில் ஒரு கார்டு அடித்தேன். போர்வை அப்படியே இருந்தது. இடி தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு பின்னால் போனான்.

"ஐயோ, நிறுத்துடா. தகரத்துல ஆணியால கீறுற மாதிரி இருக்கு."

"சும்மா கலாய்க்காத."

"நான் ஏன்டா கலாய்க்கறேன்? மொதல்ல அந்த வாட்ச்ச நிறுத்து. நான் வந்ததுலேர்ந்து கீச்சு கீச்சுன்னு உயிர எடுக்குது."

ஜன்னலோரம் என் கைக்கடிகாரம் கிடந்தது. அதன் அலாரம் கெட்டுப்போய்ப் பல மாதம் ஆகிறது. அப்படித்தான் நினைத்திருந்தேன். கம்பெனி வேனின் ஹாரன் கேட்டுத்தான் எழுந்துகொண்டிருக்கிறேன்.

எடுத்துக் காதில் வைத்தேன். ஒன்றுமில்லை. திரையில் மணிப் படம் மட்டும் மின்னியது.

இடி என்னையே பார்த்தான்.

"கேக்கலையா?"

நான் பிளக்கைப் பிடுங்கினேன். பெரிய கண்டன்சர்களைக் காலி செய்தேன். டப்பாவிலிருந்து பழைய நாற்பத்தேழைத் தேடி எடுத்துப் பற்றவைத்தேன். இடி டார்ச் பிடித்தான். மறுபடி அடித்தபோது எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

"இப்ப?"

"வால்யூமக் கொஞ்சம் குறை. இன்னும். ம், இங்கயே விடு."

குமிழின் மேல் டேப் ஒட்டினான். "நாளைக்குக் கச்சேரியில இதத் தொடாத மச்சான். நல்லாதான் இருக்கு."

"அவகிட்ட சொல்லாத."

"சொல்லல. டாக்டர்கிட்ட நீ சொல்லு."

ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு அவன் இறங்கிப் போனான். கடிகாரத்தை மறுபடி உள்ளங்கையில் எடுத்தேன். அதன் முதுகு விட்டு விட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. பொத்தானை அழுத்தினேன், நின்றது.

சட்டைப் பையில் போன வாரத்துப் பஞ்சு பிரிக்காமல் இருந்தது. வேன் வர இன்னும் மூன்று மணி நேரம். இப்போதே பிரித்துக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.