சரிவில் வைத்த ஈரப்பலா

1

இந்தக் கதையை நானாக எழுதத் தொடங்கவில்லை, கேட்டு வாங்கினார்கள். சிறு விவசாயிகளுக்கு மரக்கன்று கொடுக்கும் ஒரு சங்கத்தின் அலுவலர் அம்மா போனில் பேசினார். "எங்க ஆண்டு மலருக்கு ஒரு குட்டிக் கதை வேணும் சார். மரம் வெச்சாங்க, இப்ப நல்லா இருக்காங்கன்னு முடிஞ்சாப் போதும்." தலையாட்டினேன். போனில் அது தெரியாதே என்று வாயாலும் சரி சொன்னேன்.

பிறகு, அவர்களிடம் கன்று வாங்கி நட்ட ஒரு பெண்ணைப் போய்ப் பார்த்தேன். அங்கேதான் வந்தது வினை.

2

முதல் தொடக்கம்: மண்ணின் மகளான அவள் விடியலை நோக்கி— (வேண்டாம். அவள் நோக்கியது விடியலை அல்ல, வாய்க்காலை.)

இரண்டாவது: ஒவ்வொரு பெருமழைக்கும் அவளுடைய நிலம் கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்காலில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

இது இருக்கட்டும். சரிவான நிலம். அவளும் கணவரும் அதில் சோளம் போட்டுப் பிழைத்தார்கள். உழுது இளகிய மண்ணை மழை வழித்துக்கொண்டு போகும். ஒரு மழைக்குப் பின் மேல்பக்கம் பாறை தலைகாட்டியது. அதைப் பார்த்தவள் நேரே சங்கத்துக்குப் போய் ஈரப்பலாக் கன்றுகளோடு திரும்பினாள்.*

(* பலாவுக்குச் சொந்தம். காயை வேகவைத்தால் கிழங்கு மாதிரி வயிற்றை நிறைக்கும். வேர் மண்ணை இறுக்கிப் பிடிக்கும். காய்க்க நாலைந்து வருஷம் ஆகும். இந்தக் கடைசி விஷயத்தைச் சங்கத்தின் துண்டறிக்கையில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.)

3

கணவரை முரடனாக்கப் பார்த்தேன். அவன் கன்றைக் காலால் எட்டி உதை— (மனசு வரவில்லை. அவர் அப்படிப்பட்டவரும் இல்லை.)

அவர் கடப்பாரையை எடுத்துச் சரிவின் குறுக்கே குழி வெட்டினார். வெட்டிக்கொண்டே கேட்டார்.

"சோளத்துக்கு இடம் பாதியாயிடும். இது காய்க்கிற வரைக்கும் என்ன பண்றது?"

"தெரியலைங்க. ஆனா மண்ணே போயிட்டா அப்புறம் எதை நடறது?"

அவர் கடைசிக் கன்றுக்கு மண் அணைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். "டவுன்ல கம்பி கட்டற வேலைக்குக் கூப்பிடறாங்க. போறேன். இது காய்க்கட்டும், வந்துடறேன்."

கீழ் நிலத்தில் இருந்த நாத்தனார்தான் வாயை அடக்கவில்லை. "ஏன் அண்ணி, நிழலை வடிச்சுச் சாப்பிடப் போறீங்களா? மரத்தை உள்ளே கொண்டாந்து எங்கண்ணனை வெளியே அனுப்பிட்டீங்களே."

அவளுக்குச் சுருக்கென்றது. சிரித்து வைத்தாள்.

(நாத்தனாரையாவது கெட்டவளாக்கலாம் என்று நப்பாசை. ஆனால் முதல் கோடையில் கன்றுகள் வாடியபோது அவளோடு சேர்ந்து குடம் சுமந்தவள் இந்த நாத்தனார்தான். முணுமுணுத்துக்கொண்டே சுமந்தாள்.)

4

'காலம் உருண்டோடியது' என்று எழுதிவிட்டு நான் காப்பி குடிக்கப் போகலாம். அவளுக்கு அது உருளவும் இல்லை, ஓடவும் இல்லை. மீதி நிலத்துச் சோளமும் அவர் அனுப்பியதுமாகக் காலம் தள்ளினாள். கணவர் எப்போதாவது வருவார்; விருந்தாளி மாதிரி சுவரோரம் உட்காருவார். ஒருமுறை குளித்துவிட்டு, "துண்டு எங்கே இருக்கு?" என்று கேட்டார். அவர் வீடு, அவர் துண்டு. அன்றைக்குத்தான் தனக்குப் பயம் வந்தது என்றாள்.

மரங்கள் தம் பாட்டுக்கு வளர்ந்தன. உதிர்ந்த இலை மண்ணுக்குப் போர்வையானது. நிழலில் இஞ்சி போட்டாள். மழை பெய்தால் வாய்க்காலுக்குத் தெளிந்த தண்ணீர் போனது. 'நம்ம மண்ணு நம்மகிட்டயே இருக்கு' என்று அவள் சொன்னதை நாத்தனார்கூட மறுக்கவில்லை.

நாலாம் வருஷம் ஒரே ஒரு மரம் காய்த்தது. பறித்த காய் இரண்டு மூன்று நாளில் குழைந்துவிடும். முதல் காயை நாத்தனாருக்குக் கொடுத்தாள். அடுத்ததைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

5

பாதி எழும்பிய கட்டடத்தின் பின்னால் தகரக் கொட்டகை. அவர் விரல் இடுக்கெல்லாம் துரு. காயைக் கையில் வாங்கி, பிள்ளையை ஏந்துவதுபோல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அவரே வேகவைத்தார். கூட இருந்தவர்களுக்கும் ஆளுக்கொரு துண்டு.

"மாவா இருக்கு. உப்புதான் தூக்கலாப் போச்சு," என்றார் அவர்.

"மத்த மரமெல்லாம் அடுத்த வருஷம் காய்க்குமாம்."

"அப்போ இன்னும் ஒரு வருஷம்."

"காய்க்கட்டும் வந்துடறேன்னீங்க. காய்ச்சிடுச்சு."

"ஒரு மரம்தானே."

"நானும் ஒரு ஆள்தானே."



6

அவளை ஊர் பஸ்ஸில் ஏற்றிவிட வந்த கணவர், பையை மேலே வைக்கப் பஸ்ஸுக்குள் ஏறினார். "இறங்கறவங்க இறங்கிக்குங்க," என்றார் நடத்துநர்.

அலுவலர் அம்மாவுக்காக எழுதிய முடிவில் அவர் இறங்கவில்லை. அழகாகத்தான் இருந்தது. மற்ற மரங்கள் காய்க்கும்வரை அந்த வீட்டு அடுப்பில் என்ன வேகும் என்பதற்குத்தான் அதில் பதில் இல்லை. இன்னொரு முடிவில் இறங்கிவிட்டார். அதை எழுதிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவளையே கேட்டேன். இஞ்சிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம்? இறங்கினாரா?"

"மரத்தைப் பத்தித்தானே எழுதறீங்க?" நிமிராமலே சொன்னாள். "மரம் நல்லா இருக்குன்னு எழுதிக்குங்க."

எழுதிவிட்டேன். மரம் நன்றாக இருக்கிறது. நடத்துநரின் விசிலை மட்டும் உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறேன். ஊதுவதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: அவள் ஜன்னல் பக்கமாக நகர்ந்து, பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டிருக்கிறாள்.