காபியில் வரைந்த தழும்பு

அந்தத் தெருவில் சண்டை இல்லாத நாளில் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வண்டியை ஓரமாக நிறுத்தி, "எல்லாரும் நல்லாத்தான இருக்கீங்க?" என்று கவலையோடு விசாரித்துவிட்டுப் போவார்.

தெருவின் ஒரு பக்கம் இரும்பின் பழைய சாமான் கிடங்கு. எதிர்ப்பக்கம் தகரத்தின் கிடங்கு. இருவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஏதோ இருந்தது. ஆனால் இரும்பை வாங்கி விற்றவரை இரும்பு என்றும், தகரத்தை வாங்கி விற்றவரைத் தகரம் என்றும்தான் ஊர் கூப்பிட்டது. இரும்பு தகரத்தின் தங்கையைக் கட்டியிருந்தார். தகரம் இரும்பின் தங்கையைக் கட்டியிருந்தார். இதில் ஒரு வசதி இருந்தது, ஒரு சங்கடமும் இருந்தது. இவர் அவரைக் கொன்றால் தன் தங்கைதான் விதவையாவாள். அவர் இவரைக் கொன்றாலும் அதே கதி. ஆகவே கொலை மட்டும் கூடாது என்று இரண்டு பெண்களும் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார்கள். மீதி எல்லாவற்றுக்கும் தடை இல்லை.

ஒருமுறை தகரம் இரும்பைத் தலைக்கு மேல் தூக்கி எடை மேடையில் அடித்தபோது, முள் நின்ற இடத்தைப் பார்த்த வெளியூர் வியாபாரி ஒருவர், "இதுல துரு எவ்வளவு கழிப்பீங்க?" என்று கேட்டார். பதிலுக்கு இரும்பு ஒரு கார் கதவைப் பிய்த்து வீசினார். அதன் ஜன்னல் ஓட்டை தகரத்தின் கழுத்தில் போய் மாட்டிக்கொண்டது. தகரம் கழுத்தில் கதவோடேயே அன்றைய வியாபாரத்தை முடித்தார். யாராவது ரகசியம் பேச வந்தால் மட்டும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

இந்த இருவருக்கும் நடுவே ஒரு மாடி அறையில் குடியிருந்தான் கசாயம். அவன் ஓவியன். சாயம் வாங்காமல் காபியில் வரைபவன். பாலும் சர்க்கரையும் சேராத வெறும் காபி, மூன்று கிண்ணங்களில். முதல் கிண்ணம் வெளிறிய பழுப்பு, முகத்தின் வெளிச்சத்துக்கு. இரண்டாவது நல்ல பழுப்பு. மூக்கின் பக்கவாட்டுக்கும் தாடையின் அடிக்கும். மூன்றாவது, சுண்டச் சுண்டக் கொதிக்கவிட்டுத் தார் போல எடுத்தது, கண்மணிக்கும் மீசைக்கும். அந்த மூன்றாவது கிண்ணத்தை நக்கிய பூனை ஒன்று அதன் பிறகு தூங்கவே இல்லை, இப்போது ஒரு தொழிற்சாலையில் காவல் வேலை பார்க்கிறது என்று அவன் மனைவி சொல்வாள். அவள் பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர். பொய் சொல்லும் வழக்கமில்லை.

சர்க்கரை விஷயத்தில் அவன் ஒரே ஒரு முறைதான் ஏமாந்தான். குடிக்க வைத்திருந்த டம்ளரில் தூரிகையைத் தோய்த்து ஒரு வக்கீலின் காதை வரைந்துவிட்டான். எறும்புகள் வந்து அந்தக் காதை மட்டும் தின்றுவிட்டுப் போயின. வக்கீல் வழக்குப் போட்டார். காது இல்லாததால் தீர்ப்பு அவருக்குக் கேட்கவில்லை.

ஒருநாள் காலை இரும்பின் ஆட்கள் இரண்டு பேர் வந்து, கசாயத்தை உட்கார்ந்திருந்த நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்க் கிடங்கில் இறக்கினார்கள்.

"உக்காரு தம்பி," என்றார் இரும்பு. "ஓ, உக்காந்துதான் வந்திருக்க. நல்லது. என் மூஞ்சிய வரையணும். காபியில."

"வரைஞ்சிடலாம்ணே."

"ஏன் காபியிலன்னு கேளு."

"ஏண்ணே?"

"அதுல வரைஞ்சா பழைய போட்டோ மாதிரி இருக்கு. புது ஆபீஸ்ல மாட்டினா, பாக்குறவன் நாங்க நாலு தலைமுறையா பெரிய ஆளுங்கன்னு நெனப்பான். எங்கப்பன் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுனவன். வெளிய சொன்ன, உனக்கு ஒட்டிருவேன்."

"சொல்ல மாட்டேண்ணே."

"எந்தக் கையால வரைவ?"

இடது கை என்று சொல்லலாமா என்று கசாயம் ஒரு கணம் யோசித்தான். ஆனால் வலது கை விரல்கள் ஐந்தும் காபிக் கறையில் பழுத்துப்போய் அவனைக் காட்டிக்கொடுத்தன. இரும்பு அந்தக் கையை மிகவும் மரியாதையாகப் பிடித்து, பட்டறை மேசையில் இரும்புத் துண்டுகளைக் கவ்விப் பிடிக்கும் வைஸின் இரண்டு தாடைகளுக்கு நடுவே வைத்தார். பிறகு தன் இடது கன்னத்தைத் திருப்பிக் காட்டினார். காதில் தொடங்கி மோவாய் வரை ஒரு தழும்பு ஓடியது.

"இது படத்துல வரக் கூடாது. வந்துச்சு..." என்று கைப்பிடியை அரைச் சுற்றுச் சுற்றினார். எலும்புகள் ஒன்றுக்கொன்று நெருங்கி விசாரித்துக்கொண்டன.

"வராதுண்ணே! வரவே வராது!"

வீடு திரும்பிய கசாயத்துக்கு மாடிப்படியில் தகரம் காத்திருந்தார். பொழுது போவதற்காகப் படியின் கைப்பிடிக் கம்பிகளை ஒவ்வொன்றாக வளைத்துக்கொண்டிருந்தார்.

"மச்சான் படம் போடுறியாமே?"

"ஆமாங்கண்ணே."

"தழும்ப வேணாம்னிருப்பானே?"

கசாயம் மேலும் கீழும் தலையை ஆட்டினான்.

"படம் போட்டா கீழ கையெழுத்து போடுவியா, மாட்டியா? அது என் கையெழுத்துடா! கிழிஞ்ச தகரத்தால ஒரே இழுப்பு. நடுவுல கைய எடுக்கவே இல்ல. மூணு பேர் புடிச்சிருந்தாங்க, ஒருத்தன் கடிச்சிட்டிருந்தான், அப்பவும் கோடு கோணல. அவ்வளவு சுத்தமா உன்னால போட முடியுமா?"

"முடியாதுண்ணே."

"அப்ப இருக்கட்டும். இல்லன்னா..." தகரம் வெட்டும் கத்தரியை எடுத்துக் காற்றில் இரண்டு முறை வெட்டிக் காட்டினார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது கசாயத்தின் அதே வலது கையை.

கதையைக் கேட்ட மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ரெண்டு வலது கை இருந்தா ஆளுக்கு ஒண்ணு குடுத்துட்டு நிம்மதியா இருக்கலாம். உனக்கு அதுவும் இல்ல."

ஆனால் காபியிடம் ஒரு குணம் உண்டு. அது முழுதாகக் காய்வதே இல்லை. ஈரத் தூரிகையால் தடவி, துணியால் ஒற்றினால் எழுந்து வந்துவிடும். கசாயம் அந்தக் குணத்தை நம்பி இறங்கினான். காலையில் இரும்பு வந்து பார்ப்பார்; கன்னம் பளிங்கு போல இருக்கும். "பரவால்ல, சின்ன வயசுல இப்பிடித்தான் இருந்தேன்," என்று அவன் முதுகில் தட்டுவார். அந்தத் தட்டில் அவன் ஒருநாள் ஜன்னல் வழியாகப் பாதி வெளியே போய் வந்தான். இரும்பு படியிறங்கியதும் மூன்றாவது கிண்ணத்தைத் தொட்டுத் தழும்பை இழுப்பான். சாயங்காலம் தகரம் வருவார். "இன்னும் கொஞ்சம் ஆழமா. அன்னிக்கு உள்ள பல்லு தெரிஞ்சுது." அவர் போனதும் தழும்பைத் தண்ணீரால் எடுப்பான். மறுபடி போடுவான். மறுபடி எடுப்பான்.

காகிதம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தது. முதலில் நூல் நூலாகத் திரிந்தது. பிறகு வெங்காயத் தோலாக மெலிந்தது. புது ஆபீஸ் திறக்கும் நாள் காலையில், கடைசியாக எடுத்துக்கொண்டிருந்தபோது தூரிகை கன்னத்தைக் கிழித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது. காதில் தொடங்கி மோவாய் வரை. ஒரே இழுப்பு.

கசாயம் கிழிசலின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தான். வேறு வழியில்லாமல் பின்புறம் ஒரு வெள்ளைக் காகிதத்தை ஒட்டினான். கையில் கிடைத்தது மை உறிஞ்சும் சாதாரணக் காகிதம். கிழிசல் இப்போது வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. இடத்தில் போய்ச் சமாளிக்கலாம் என்று கிண்ணங்களையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

புது ஆபீஸில் கண்ணாடி மேசை, சுழல் நாற்காலி, கூலிங் மெஷின் எல்லாம் மினுமினுத்தன. தெருவே வந்திருந்தது. ஆம்புலன்ஸும் முன்கூட்டியே வந்து நிழலில் நின்றது. கசாயம் மாட்டிய படத்தைத் தொடுவதற்குள், அதன் மேல் போட்டிருந்த திரையை இரும்பு பிடித்து இழுத்துவிட்டார்.

"என்னடா இது, வெள்ளையா?" என்றார் இரும்பு.

"என்னடா இது, வெள்ளையா?" என்றார் தகரம்.

இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுவே முதல் தடவை. கூட்டம் கொஞ்சம் பயந்தது.

"எடுத்துக் கருப்பா போடு," என்று தகரம் அவன் வலது கையைப் பிடித்தார்.

"கன்னத்து கலர்ல மூடு," என்று இரும்பு இடது கையைப் பிடித்தார்.

"போடுறா!"

"மூடுறா!"

"மச்சான், அவன் கைய விடு."

"நீ விடு மச்சான்."

இரும்பு குத்தினார். இத்தனை வருடப் பழக்கத்தில் தகரம் சரியான நேரத்தில் குனிந்தார். குத்து நேராகக் கசாயத்தின் மூக்கில் இறங்கியது. விறகு முறிவது போல ஒரு சத்தம். ரத்தம் ஒரு கோடாகப் பறந்து படத்தில் விழுந்ததை அவன் ஒருவன்தான் பார்த்தான். அதற்குள் மற்றவர்களுக்கு வேறு வேலை வந்துவிட்டது.

தகரம் மச்சானின் தலையைக் கண்ணாடி மேசை வழியாகக் கீழே அனுப்பினார். இரும்பு கீழிருந்தபடியே அவர் காலைக் கடித்து, சுழல் நாற்காலியில் போட்டுச் சுழற்றி விட்டார். சுழன்ற வேகத்தில் தகரத்தின் வாயிலிருந்து பற்கள் நாலா பக்கமும் சமமாகப் போய் விழுந்தன. கூலிங் மெஷின் சுவரைவிட்டு வந்து யார் தோளிலோ உட்கார்ந்தது. இரண்டு பக்கத்து ஆட்களும் யாரை அடிக்கிறோம் என்று பார்க்க நேரமில்லாமல் அடித்துக்கொண்டார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் உள்ளே வந்து இடம் இருக்கிறதா என்று பார்த்து, தானும் ஒரு அடி வாங்கிக்கொண்டு திரும்பினார்.

கைகள் ஓய்ந்தபோது, உடைக்க மிச்சம் இருந்தது படம் ஒன்றுதான். எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

இடது கன்னத்தில் ஒரு தழும்பு. பழுத்த பழுப்பு நிறத்தில், ஓரங்களில் கொஞ்சம் கருத்து, உயிரோடு இருந்தது. மை உறிஞ்சும் காகிதம் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது.

இரும்பு கசாயத்தைப் பனியனோடு கிடங்குக்கு இழுத்துக்கொண்டு போய் வலது கையை வைஸில் வைத்தார். மற்றொரு கையில் ஈரத் தூரிகையைக் கொடுத்து, படத்தை அவன் முன்னால் பிடிக்கும்படி ஓர் ஆளிடம் சொன்னார். "எடு."

கசாயம் இடது கையால் தேய்த்தான். வரவில்லை. கைப்பிடி ஒரு சுற்று சுற்றியது. மறுபடி தேய்த்தான். கன்னத்துக் காபிதான் கரைந்து வந்தது, தழும்பு அசையவில்லை. இன்னொரு சுற்று. சுண்டுவிரல் மளுக்கென்று போனது.

"அண்ணே! அது காபி இல்லண்ணே! ரத்தம்!"

கைப்பிடி நின்றது. "யாரு ரத்தம்?"

கசாயத்தின் மூக்கிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. அவன் மூக்கை யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. அவன் கண்ணைச் சுழற்றினான். வாசலில் தகரம் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க மச்சானோடதுண்ணே. நீங்க குத்துனப்ப தெறிச்சுது."

இரும்பு படத்தைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். முகம் மெதுவாக விரிந்தது. "அவன் ரத்தம். என் குத்து." வைஸ் தளர்ந்தது. "வர்றவன் போறவனுக்கெல்லாம் காட்டுவேன்டா. இத எடுத்த, கொன்னுடுவேன்."

தகரமும் நொண்டிக்கொண்டு வந்து படத்தின் முன் நின்றார். "என் கையெழுத்து," என்றார், பல் இல்லாத வாயால். "என் சொந்த ரத்தத்துலயே போட்டிருக்கேன். எவன்டா இப்பிடிப் போடுவான்?"

மச்சான்கள் இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டு படத்தை ரசித்தார்கள். எழுந்து நிற்க வேறு பிடிமானமும் இல்லை.

வீட்டில் மனைவி, படத்தில் இருப்பது யார் மூக்கு ரத்தம் என்ற கதையைக் கேட்டபடியே, கசாயத்தின் மூக்கைப் பிடித்து ஒரு திருகு திருகி நேராக்கி, ஆஸ்பத்திரிப் பஞ்சை அடைத்தாள். சுண்டுவிரலுக்குப் பழைய தூரிகைக் கட்டையை வைத்துக் கட்டினாள். மீதி நான்கு விரல்களையும் ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்த பிறகுதான் அழுதாள்.

அந்த வாரமே தகரம் படியேறி வந்தார். கைப்பிடிக் கம்பிகளை நிமிர்த்திக்கொண்டே வந்தார்.

"எனக்கும் ஒரு படம் வேணும் தம்பி. மச்சான் படத்துல கன்னத்துல இருக்கே, அதே சரக்கு. ஆனா என்னுது முழுக்க அதுலயே இருக்கணும். தலையிலருந்து கழுத்து வரைக்கும்."

கசாயம் பஞ்சு அடைத்த மூக்கோடு மனைவியைப் பார்த்தான். அவள் அந்த மூக்கைப் பார்த்தாள், அடுப்பில் சுண்டிக்கொண்டிருந்த மூன்றாவது கிண்ணத்தைப் பார்த்தாள், பிறகு தகரத்தைப் பார்த்துப் பணிவாகச் சொன்னாள்:

"அந்தச் சரக்கு இப்பதாண்ணே ஊறிட்டிருக்கு. நல்லா ஊறட்டும். சொல்லி அனுப்புறோம்."