தூங்குகிற கண்ணுக்கு க்ரீம்

தையற்கடைக்காரிக்குக் கண்ணைச் சுற்றித் தோல் வறண்டு, சுருக்கம் விழுந்துவிட்டது. "என் க்ரீமைப் போட்டுப் பாருங்க அண்ணி," என்று நாத்தனார் ஒரு டப்பாவை நீட்டினாள். அதுவோ யானை விலை, குதிரை விலை. மருந்துக்கடையில் மலிவாக ஒரு ட்யூப் கிடைத்தது; அதையும் வாங்கி வந்தாள். எது தேவலை என்று பார்க்கத் தன் முகத்தைப் பணயம் வைக்க அவளுக்கென்ன பைத்தியமா? மதியம் குறட்டை விடும் கணவரின் வலது கண்ணடியில் நாத்தனாரின் க்ரீமையும், இடது கண்ணடியில் மலிவு ட்யூபையும் தினமும் தடவினாள்.

ஒரு மாதத்தில் இரண்டு பக்கமும் ஒரே பளபளப்பு. மலிவே போதும் என்று குஷியாக மருந்துக்கடைக்குக் கிளம்பினாள். அவரும் கூட வந்தார்.

"உங்க தம்பியாம்மா?" என்றாள் கடைக்காரப் பெண்.

கணவருக்கு வாயெல்லாம் பல்.

"ரெண்டு ட்யூப் குடும்மா. இந்த மனுஷனுக்கு இனிமே ஒரு சொட்டுகூடக் கிடையாது!"

"இனிமேவா?" என்று விழித்தார் அவர். "இதுவரைக்கும் எப்ப குடுத்தே?"