முதலாளியம்மாவின் பங்கு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கிறது என்று என் வீட்டுக்காரர் எல்லோரிடமும் சொல்வார். நிற்கட்டும். காலையில் கடையைத் திறந்து மேஜை துடைப்பதில் தொடங்கி, மத்தியானக் கூட்டத்தில் நாலு தட்டை ஒன்றாகத் தூக்கிக்கொண்டு ஓடி, சாயங்காலம் கழிவறை கழுவுவது வரைக்கும் பார்க்கிறவளுக்குக் கோபம் வராமல் கொட்டாவியா வரும்?

எங்கள் சாப்பாட்டுக் கடை சின்னது. சமையல்காரர், பாத்திரம் கழுவும் பெரியவர், இரண்டு சர்வர்கள், இவர், நான். சர்வர்களில் ஒருத்தி சுருட்டை. தலைமுடியால் வந்த பெயர். இன்னொருவன் நெட்டை. அவன் சமையலறைக் கதவில் குனியாமல் நுழையும்போதெல்லாம் இடி அவனுக்கு, 'ஐயோ' எங்களுக்கு. இவர் கல்லாவில் உட்காருவார். வாடிக்கையாளர்கள் வைத்துவிட்டுப் போகும் டிப்ஸ் எல்லாம் கல்லாவுக்குப் பக்கத்து டப்பாவில் விழும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அடங்கியதும் அதைக் கொட்டி ஐந்து பங்கு வைப்போம். ஐந்தாவது பங்கு எனக்கு.

அந்தக் காசைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டுச் செலவு, பிள்ளைகளின் ஃபீஸ் எல்லாம் இவர் கையால்தான். கேட்டு இல்லை என்று சொன்னதே கிடையாது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் கேட்டு வாங்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும். டிப்ஸ் காசு அப்படி இல்லை. தங்கச்சி பிறந்தநாளுக்கு அதில்தான் கைப்பை வாங்கினேன். மாதத்தில் ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய், ஊரின் அந்தக் கோடியில் ஒரு கடையில் ராணி மாதிரி உட்கார்ந்து சாப்பிடுவேன். ஒரு தட்டைக்கூட நகர்த்த மாட்டேன். எச்சில் தட்டை இன்னொருவர் எடுக்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன், அவ்வளவு சுகம்.

காலம் அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பங்கு பிரித்து முடித்ததும் சுருட்டை என்னிடம் வந்து பேச்சை இழுத்தாள்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. ஒண்ணு கேக்கணும்."

"கோச்சுக்காதீங்கன்னு ஆரம்பிச்சாலே கோச்சுக்குற விஷயம்தான். கேளு."

"என் ஃப்ரெண்ட் ஒரு பெரிய ஓட்டல்ல வேலை பாக்குறா. டிப்ஸ்ல முதலாளி வீட்டு ஆளுங்க பங்கு எடுக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்காம். இங்க நீங்களும் எடுக்குறீங்கன்னு சொன்னேன். தொழிலாளர் ஆபீஸ்ல எழுதிக் குடுன்னு சொல்றா. நான் குடுக்கல அக்கா. முதல்ல உங்ககிட்டயே கேட்டுடலாம்னு..."

சுருக்கென்றது. அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே என் காசில் கை வைக்கிறாளே! அவள் காய்ச்சலில் கிடந்தபோது அவளுடைய மேஜைகளையும் சேர்த்துப் பார்த்தவள் நான். அதைச் சொல்லிக் காட்ட நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் நெட்டை தரையைப் பார்ப்பதும், சமையல்காரர் அணைந்த அடுப்பைப் பார்ப்பதும் கண்ணில் பட்டது. எல்லோரும் முன்பே பேசி வைத்திருக்கிறார்கள். என் பங்கை டப்பாவுக்குள் திருப்பிப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

இவர் பயந்துவிட்டார். "கேஸு கீஸுன்னு போனா கடை தாங்காதுடி" என்றார். மறுநாளே, தினமும் மூலை மேஜையில் சாப்பிட வரும் வக்கீலம்மாவைப் பிடித்து உட்காரவைத்தார். நான் டீ கொண்டுபோய் வைத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

"கார்டுல வர்ற டிப்ஸை என்ன பண்றீங்க?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"பேங்க் கமிஷனைக் கழிச்சிட்டுக் குடுப்பேன் மேடம். நெட்டை உடைச்ச தட்டையும் அப்பப்போ..."

"எதையும் கழிக்காதீங்க சார். அது உங்க காசே இல்ல. வாடிக்கையாளர் அவங்களுக்குக் குடுக்குறார், உங்க கல்லா வழியாப் போகுது, அவ்வளவுதான். யாருக்கு எவ்வளவு பங்குன்னு எல்லாரையும் கேட்டு எழுதுங்க. கையெழுத்து வாங்கி சுவத்துல ஒட்டுங்க. பாதி சண்டை வாய்க்கணக்காலதான் வருது. அப்புறம், முதலாளி அதைத் தொடக் கூடாது." பேனாவால் என்னைக் காட்டினார். "இவங்க யாரு, கடையில?"

இவர் நெஞ்சை நிமிர்த்தினார். "என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க? இவங்கதான் முதலாளி! நான் சும்மா கல்லாவுல உக்காந்திருக்கேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தை இவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. வந்த அன்றைக்கு என் காசு போகிறது. கழுத்தில் மாலையைப் போட்டுக்கொண்டே மணிபர்ஸை உருவின கதை.

"முதலாளின்னா என் பேரு எதுல இருக்கு?" என்றேன்.

வக்கீலம்மா லைசென்ஸையும் வாடகை ஒப்பந்தத்தையும் வாங்கிப் பார்த்தார். "எதுலயும் இல்லயே."

"அப்ப நான் வேலையாளா?"

"சம்பளம் வாங்குறீங்களா?"

இவர் சிரித்துவிட்டார். "பொண்டாட்டிக்கு யாராவது சம்பளம் குடுப்பாங்களா மேடம்?"

வக்கீலம்மா சிரிக்கவில்லை. "குடும்பத்து ஆளு டிப்ஸ் பக்கம் போகாம இருக்கிறதுதான் நல்லது. ஆனா நாள் பூரா வேலை பாக்குறாங்க. அதுக்கு ஒரு பதில் வேணும் சார். பார்ட்னரா சேருங்க, இல்ல சம்பளம் போடுங்க. அந்தப் பொண்ணு கேட்டது சின்ன விஷயம். இவங்க கேக்க ஆரம்பிச்சா தாங்க மாட்டீங்க."

அவர் போனதும், "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே இவர் கல்லாவுக்குப் போனார். நான் மேஜைகளைத் துடைத்தேன். ஆட்டிலும் சேர்த்தியில்லை, மாட்டிலும் சேர்த்தியில்லை. இத்தனை வருஷம் எந்த மந்தையில் மேய்ந்தேன் என்று நினைக்க நினைக்க அழுகையாக வந்தது. சுருட்டை மேல் இருந்த கோபம் மட்டும் துடைக்கத் துடைக்கக் குறைந்தது. ஜன்னல் பக்கத்து மேஜைகள் யாருக்கு என்று சொல்வது நான். லீவு கேட்டால் முகத்தைச் சுளிப்பதும் நான். அதிகாரம் பண்ணுகிற வாயால் சமபங்கும் கேட்டால், அவள் பாவம் எங்கே போவாள்?

"நீ கேட்டது நியாயம்டி" என்று அவளிடம் சொன்னேன். "வேண்டாம்க்கா, நீங்களே எடுத்துக்குங்க" என்று அழப் பார்த்தாள். "மண்ணாங்கட்டி! போய் மேஜையைப் பாரு" என்று விரட்டினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு பங்குதான் வைத்தார்கள். சுவரில் தாளும் ஏறியது.

எனக்கான பதில் மட்டும் எந்தச் சுவரிலும் ஏறவில்லை. இரண்டு தடவை கேட்டேன். "என்னுதெல்லாம் உன்னுதுதானே" என்றார் இவர். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அந்த மாதம் நான் பஸ் ஏறவில்லை.

மாதக் கடைசி வந்தது. வக்கீலம்மா சொன்னபடி இவர் ரிஜிஸ்டரை விரித்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிச் சம்பளம் கொடுத்தார். கடைசி ஆளான பெரியவருக்குப் பின்னால் நான் போய் நின்றேன்.

"என்ன, சில்லறை வேணுமா?" என்றார்.

"சம்பளம் வேணும்."

"எல்லாரும் பாக்குறாங்க. நமக்குள்ள என்னடி இது?"

"நமக்குள்ளங்கறது வீட்டுல. இது கடை."

இவர் முகம் சிவந்து, பிறகு தொங்கிப்போனது. கெட்டவர் இல்லை, நிஜமாகவே புரியாமல் விழிக்கிறார். எனக்கே பாவமாக இருந்தது. குரலைத் தாழ்த்தி, "சரி, என்ன செலவு உனக்கு? சொல்லு, தர்றேன்" என்றார்.

பெரியவர் பணத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். அவரைக் காட்டினேன்.

"என்ன செலவுன்னு அவர்கிட்ட கேட்டீங்களா?"

இவர் பெரியவரைப் பார்த்தார், சுருட்டையைப் பார்த்தார். என்னைப் பார்க்கத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு ரிஜிஸ்டரில் கடைசிப் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினார். சுருட்டைக்குக் கொடுத்த அளவே எண்ணி, என் முன்னால் வைத்தார்.

"சரியா இருக்கான்னு எண்ணிப் பாத்துக்குங்க" என்றார், மற்றவர்களிடம் சொன்ன அதே குரலில்.

எண்ணிப் பார்த்தேன்.